ஸ்கூட் போடத் தெரிந்தவர்கள்

ரம்மியில் சீட்டு போட்டு முடித்ததும் 13 சீட்டையும் எடுத்து விரிக்கிறோம். இனம் பிரித்து அடுக்குகிறோம். அடுக்கி முடிப்பதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்தக் கையை ஆடுவதா, ஸ்கூட் போட்டு விலகுவதா? எதை எடுப்பது, எதைக் கழிப்பது, எதிரே உட்கார்ந்திருப்பவன் எந்தச் சீட்டுக்குக் காத்திருக்கிறான் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வேலை. நன்றாக ஆடுகிறவர் என்று பெயரெடுத்த ஆட்களைப் பல வருடங்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துவிட்டேன். அவர்கள் நம்மை ஜெயிப்பது பெரும்பாலும் அந்த முதல் அரை நிமிடத்தில்தான். இந்தப் பதிவு முழுக்க அந்த அரை நிமிடத்தைப் பற்றியது.

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். தங்கியிருப்பது மாத்தூர் பக்கம், ஆறு பேர் சேர்ந்து எடுத்த வீடு. இந்தப் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இல் வந்தது, டைம்லர் 2012-இல், ராயல் என்ஃபீல்டு 2013-இல். இவர்களுக்குப் பாகம் கொடுக்கிற கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. கூடவே விழுப்புரம், திருவண்ணாமலை, விருதுநகர், தேனி என்று எல்லா மாவட்டத்திலிருந்தும் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பையன்கள் வந்தார்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். படப்பையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மாடியில் ஒரு வரிசை செருப்பும் கொடியில் யூனிஃபார்மும் தெரியும். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது வாரத்தில் ஒரு நாள் அமைந்தால் பெரிய விஷயம். அந்த நாளில் பாய் விரித்து உட்கார்ந்தால் நடுவில் சீட்டுக்கட்டு வந்துவிடும். பக்கத்து வீட்டு ஒடிசா பையன்கள் இருபத்தொன்பது ஆடுகிறார்கள். கேரளப் பையன்கள் இருந்தால் இருபத்தெட்டு. நம்மவர்கள் ரம்மி. எங்கள் வீட்டில் பணம் வைத்து ஆடுவதில்லை. நோட்டில் பாயிண்ட் எழுதுவோம், கடைசியில் யார் தலையில் அதிகப் பாயிண்டோ அவர் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்க வேண்டும்.

வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அண்ணன். அவருடைய ஆட்டத்தைப் பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும். சீட்டைப் பார்ப்பார், அடுக்குவார், "ஸ்கூட்" என்று கவிழ்த்து வைத்துவிட்டு வெந்நீர் போட எழுந்து போய்விடுவார். போன மாதம் சேர்ந்த ட்ரெயினித் தம்பி அவர் கவிழ்த்து வைத்த சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனான்.

"என்னண்ணே, மூணு ராஜா வச்சிருக்கீங்க, இதுக்குப் போயி ஸ்கூட்டா?"

"ராஜா மூணு இருந்தா ஆச்சா? ஒரிஜினல் எங்கடா இருக்கு அதுல?"

அந்தக் கை எனக்கு நினைவிருக்கிறது. ஸ்பேட், கிளாவர், டைமண்ட் ராஜா மூன்று. ஆர்ட்டின் 9, டைமண்ட் 9. ஆர்ட்டின் ஜாக்கி, ஆர்ட்டின் ஏஸ். ஸ்பேடில் 5, 10. கிளாவரில் 3, 6. டைமண்டில் 2, 5. ஜோக்கர் ஒன்றுமில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு செட் வந்துவிட்டது, இன்னொரு செட்டுக்குப் பாதி வந்துவிட்டது. ஆனால் ஒரே இனத்தில் அடுத்தடுத்து வருகிற இரண்டு சீட்டு அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. ஆர்ட்டின் 9-க்கும் ஜாக்கிக்கும் நடுவில் 10 வந்தால் உண்டு, அவ்வளவுதான். ஒரே இனத்தில் ஜோக்கர் சேர்க்காமல் அமைகிற வரிசை, அதாவது ஒரிஜினல், ஒன்று இல்லாவிட்டால் கையில் என்ன செட் இருந்தாலும் எண்ணிக்கைக்கு வந்துவிடும், அந்த மூன்று ராஜாவும் சேர்த்து. எண்ணிப் பார்த்தால் 99. உச்ச வரம்பு இருப்பதால் 80 எழுதுவார்கள். இருபதில் முடித்துக்கொள்ள வேண்டிய கையை ஆசைப்பட்டு ஆடினால் எண்பதில் போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல கை கிடைக்காது.

எங்கள் வீட்டுக் கணக்கு பெரும்பாலான இடங்களில் உள்ளதுதான். முதல் முறை வரும்போதே, சீட்டு எடுப்பதற்கு முன்னால் கவிழ்த்தால் 20. ஒரு சீட்டாவது எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தால் 40. கடைசி வரை நின்று மாட்டினால் கையில் இருப்பதை எண்ணி அதிகபட்சம் 80. இருபது, நாற்பது, எண்பது. குவாலிட்டியில் இருக்கிற எனக்கு இந்த மூன்று எண்ணும் வேலையிலிருந்து நேராக வந்ததுபோல் இருக்கிறது. சப்ளையரிடமிருந்து வந்த பாகத்தில் குறை இருந்தால் இன்கமிங்கிலேயே திருப்பி அனுப்பினால் செலவு கொஞ்சம். லைனில் ஏற்றி அசெம்பிளியில் கண்டுபிடித்தால் பிரித்தெடுக்கிற செலவு. வண்டியோடு வெளியே போனபிறகு கண்டுபிடித்தால் அதன் செலவு வேறு கணக்கு. இன்கமிங்கில் இருக்கிற ஆள் தாட்சண்யம் பார்த்தால் பின்னால் இருக்கிற எல்லாரும் தண்டம் கட்டுவார்கள்.

இருபது கொடுத்து விலகுவது எப்போது சரி என்று பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோற்றால் சராசரியாக 40 போகும், ஜெயித்தால் சராசரியாக 40 வரும். நான்கு ஆட்டத்தில் ஒன்று ஜெயித்து மூன்று தோற்றால் 40 வந்து 120 போகிறது. நிகர நஷ்டம் 80, ஆட்டத்துக்கு 20. அதாவது ஸ்கூட் போட்டிருந்தாலும் இதே நஷ்டம்தான். ஆகவே ஜெயிக்க 25 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிற கையை ஆடலாம், கீழே இருந்தால் விடலாம். இதுவரைக்கும் ஆடுகிறவனுக்குச் சாதகமாகத்தான் தெரிகிறது. ஆனால் மோசமான கையின் குணம் என்னவென்றால், அது தோற்கும்போது நாற்பதோடு விடாது. பெரிய சீட்டும் ஒரிஜினல் இல்லாத குறையும் சேர்ந்து அறுபது வாங்கிக்கொண்டு போகும். அறுபது என்று போட்டால் தேவையான வாய்ப்பு 40 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. ஜெயிக்கிற வாய்ப்பு குறைவாக உள்ள கையிடம்தான் அதிக வாய்ப்பைக் கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணன் இந்தக் கணக்கையெல்லாம் எழுதிப் பார்த்தவர் இல்லை. அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எதை நல்ல கை என்பது? முதலில் ஒரிஜினல். ஏற்கெனவே ஒன்று அமைந்திருந்தால் பெரும்பாலும் யோசிக்காமல் ஆடலாம். அமையாவிட்டால் அதற்கு வழி எத்தனை என்று பார்க்க வேண்டும். இரண்டு கட்டு சேர்த்து ஆடுகிறோம், ஒவ்வொரு சீட்டும் இரண்டு இருக்கிறது. ஸ்பேடில் 5, 6 கையில் இருந்தால் 4 வந்தாலும் சேரும், 7 வந்தாலும் சேரும். மொத்தம் நான்கு சீட்டு நமக்கு உதவி. 5, 7 இருந்தால் நடுவில் 6 மட்டும்தான், இரண்டு சீட்டு. ஏஸ், 2 பார்க்க அடுத்தடுத்து இருந்தாலும் 3 ஒன்றுதான் வழி, அதுவும் இரண்டு சீட்டு. ஏஸ், ராஜாவுக்கும் ராணி ஒன்றுதான். ஆகவே "ஜோடி வரிசை இருக்கு" என்று சொல்லும்போது எந்த ஜோடி என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்த ஜோடி இரண்டு சேர்ந்தால்தான் இரண்டு பக்கமும் திறந்த ஒரு ஜோடிக்குச் சமம். மூன்று சீட்டு வரிசை எத்தனை விதமாக அமையும் என்று எண்ணினாலும் இதே கதைதான். 3-இலிருந்து ராணி வரைக்கும் எந்தச் சீட்டுக்கும் மூன்று விதம். ஏஸ், 2, ராஜா ஆகியவற்றுக்கு இரண்டு விதம்தான். நடுச்சீட்டுகளை அண்ணன் பிடித்து வைப்பதும் ராஜா, ஏஸ் தனியாக இருந்தால் முதல் ஆளாகத் தள்ளுவதும் இதனால்தான். அந்த இரண்டுக்கும் தலைக்குப் பத்துப் பாயிண்ட் வேறு.

அடுத்தது ஜோக்கர். ஜோக்கர் இல்லாத கை வந்தால் நம் பையன்கள் ராசியில்லை என்று முகம் சுளிக்கிறார்கள். அது அத்தனை அபூர்வமில்லை. இரண்டு கட்டும் அச்சடித்த ஜோக்கர் இரண்டும் சேர்த்து 106 சீட்டு. ஒன்றை வெட்டி ஜோக்கராகத் திறந்துவிட்டால் மீதி 105-இல் ஜோக்கர் ஒன்பது. அதிலிருந்து 13 சீட்டு எடுத்தால் ஒரு ஜோக்கர்கூட வராமலிருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 29 சதவீதம். பத்து ஆட்டத்தில் மூன்றில் இப்படித்தான் வரும். ஆகவே ஜோக்கர் இல்லை என்பது மட்டும் ஸ்கூட்டுக்குக் காரணமாகாது. ஜோக்கர் இருக்கிறது என்பது மட்டும் ஆடக் காரணமும் ஆகாது. இரண்டு ஜோக்கரை வைத்துக்கொண்டு ஒரிஜினலுக்கு வழியே இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரிஜினல் செய்ய ஜோக்கர் உதவாது. ஒரிஜினல் வந்தபிறகுதான் அதற்கு உயிர்.

ஆடலாம் என்று தாராளமாகச் சொல்லக்கூடிய கை ஒன்றையும் காட்டிவிடுகிறேன். ஆர்ட்டின் 6, 7, 8. ஸ்பேட் 9, 10. கிளாவர் ராணி, டைமண்ட் ராணி. 4 ஜோக்கராக இருக்கும்போது ஒரு டைமண்ட் 4. கிளாவர் 5, 6. மீதி மூன்றும் உதிரி: ஸ்பேட் 2, டைமண்ட் ஏஸ், ஆர்ட்டின் ராஜா. ஒரிஜினல் முடிந்துவிட்டது. ஜோக்கரை ஸ்பேட் 9, 10-உடன் வைத்தால் இரண்டாவது வரிசை நின்றுவிடும். கிளாவர் 5, 6 இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. ராணி ஜோடிக்கு ஆர்ட்டின், ஸ்பேட் இரண்டு ராணியில் எது வந்தாலும் செட். உதிரி மூன்றையும் தள்ளிக்கொண்டே வந்தால் போதும். இந்தக் கை தோற்றாலும் கையில் பெரிய எண் நிற்காது. நல்ல கைக்கு ஜெயிக்கிற வாய்ப்பை மட்டும் பார்க்கக் கூடாது, தோற்றால் எவ்வளவுக்குத் தோற்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. முதல் ஆளாக ஆட வேண்டியவனுக்கு ஒன்றுமே தெரியாது. ஆறாவது ஆளுக்கு முன்னால் ஐந்து பேர் எதைக் கழித்தார்கள், எத்தனை பேர் ஸ்கூட் போட்டார்கள் என்று தெரிந்துவிடுகிறது. நாம் எதிர்பார்க்கிற ஸ்பேட் 7 இரண்டும் கண்ணெதிரே விழுந்துவிட்டால் கையின் மதிப்பு அங்கேயே மாறிவிட்டது. ஐந்தில் நான்கு பேர் விலகிவிட்டால் சுமாரான கையையும் ஆடிப் பார்க்கலாம், ஏனென்றால் எதிரே ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள் விலகாமல் ஏன் நிற்கிறான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

101 வைத்து, அதாவது 101 பாயிண்ட் சேர்ந்தவர் வெளியேற வேண்டும் என்று, ஆடும்போது இன்னொரு கணக்கு சேர்கிறது. ஐந்து ஸ்கூட் போட்டாலும் 100தான், ஆள் உள்ளே இருப்பான். தலையில் 80 இருப்பவருக்கு ஒரு ஸ்கூட் மிச்சமிருக்கிறது. 81 இருப்பவருக்கு அது இல்லை. அவர் எந்தக் கை வந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும், மேசையில் எல்லாருக்கும் அது தெரியும். ஒரு பாயிண்டில் ஒருவருடைய சுதந்திரம் போய்விடுகிறது. ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ஆடிய ஒரு மோசமான கை பின்னால் எப்படி வட்டி வாங்கும் என்பது இங்கேதான் தெரியும்.

போக்கரைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. உலகத்தில் "எந்தக் கையை ஆடுவது" என்ற கேள்வியை உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் போக்கர்காரர்கள்தான். டெக்சாஸ் ஹோல்டெம் என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டே சீட்டு. 52 சீட்டில் இரண்டு எடுக்க 1,326 விதம். எந்த இனம் என்று பார்க்காமல், எண்ணையும் இரண்டும் ஒரே இனமா என்பதையும் மட்டும் பார்த்துத் தொகுத்தால் 169 வகைக் கை. டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1970-களிலேயே இவற்றைத் தரம் பிரித்துக் குழுக்களாக அச்சில் கொண்டுவந்தார். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஜாக்கி ஜோடி, ஒரே இனத்தில் ஏஸ்-ராஜா ஆகியவை அவருடைய முதல் குழு. ஏஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். ஏதாவது ஒரு ஜோடி என்றால் 17-க்கு ஒரு முறை. வேறு வேறு இனத்தில் 7-உம் 2-உம் வந்தால் அதைத்தான் மிக மட்டமான கை என்பார்கள்.

அந்த ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் விழுகிற குழி எனக்கு நம் ரம்மியை நினைவூட்டியது. இரண்டு சீட்டும் ஒரே இனமாக இருந்தால் அழகாக இருக்கிறது என்று ஆடிவிடுகிறார்கள். ஒரே இனமாக வருவது நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அடிக்கடி வரும். ஆனால் நடுவில் முதல் மூன்று சீட்டு திறக்கும்போது அதே இனமாக மூன்றும் விழ 119-க்கு ஒரு முறை மாதிரிதான் வாய்ப்பு. சின்ன ஜோடி வைத்திருப்பவருக்கு அந்த முதல் மூன்றில் தன் எண் விழுவது எட்டரைக்கு ஒரு முறை. கண்ணுக்கு அழகாகத் தெரிவது வேறு, ஜெயிப்பது வேறு. மூணு ராஜாவும் அதே ரகம்.

ஆனால் ஒரு விஷயத்தில் போக்கர்காரர் சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கையை மடக்குவதற்கு அநேகமாகக் காசு இல்லை. சுற்றுக்கு இரண்டு முறை கட்டாயமாக வைக்கிற சின்னப் பந்தயம் மட்டும்தான் போகும். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் ஐந்தில் நான்கு கையை மடக்கிவிட்டு உட்கார்ந்திருக்க முடிகிறது. ரம்மியில் ஒவ்வொரு ஸ்கூட்டுக்கும் 20 கொடுத்தாக வேண்டும். ஐந்தில் நான்கை விட்டால் விட்டதிலேயே மூழ்கிவிடுவோம். இணையத்தில் போக்கர் பாடம் பார்த்துவிட்டு வந்து ரம்மியில் கை கையாகக் கவிழ்த்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன், அவரும் தோற்றார். நம் ஆட்டத்தில் சுமாரான கையும் ஆடவேண்டிய கைதான். ஒதுக்க வேண்டியது அந்த அடிமட்டக் கைகளை. அடிமட்டம் எங்கே முடிகிறது என்று கண்டுகொள்வதுதான் வித்தை.

வித்தை என்று சொன்னதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடுகிறது. 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கு, செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியதைப் பற்றியது. மூணு சீட்டைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை. விழுகிற சீட்டை நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்யவும் திறமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று சொல்வேன். அந்தத் திறமையில் பெரும்பகுதி ஆடாமல் விடுவதில் இருக்கிறது. ஆடாமல் விடப் பொறுமை வேண்டும், தூங்கி எழுந்த மூளை வேண்டும், இருபது போனால் போகட்டும் என்கிற மனசு வேண்டும். இந்த மூன்றும் எல்லா நேரத்திலும் எல்லாரிடமும் இருக்காது.

நான் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குப் புரியும். சில வருடங்களுக்கு முன் போனில் ரம்மி வந்தபோது அதை ஆடியவர்கள் எந்த நேரத்தில் ஆடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ் இறக்கிவிட்டு, குளித்துச் சாப்பிடும்போது நடு ராத்திரி ஆகிவிடும். உடம்பு களைத்திருக்கும், தூக்கம் உடனே வராது. கையில் போன். எட்டு மணி நேரம் நின்று டார்க் கன் பிடித்த ஒருவன் அந்த நேரத்தில் ஒரு கையை நிதானமாக எடைபோடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பாயில் உட்கார்ந்து ஆடும்போது ஒரு ஆட்டம் முடிந்து சீட்டு கலைத்துப் போட நேரமாகும். அதற்குள் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிப்பார், ஒருவர் போதும் என்பார். போனில் ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த கை வந்து நிற்கும். யோசிக்கச் சில நொடிகள். ஸ்கூட் போட்டால் போவது பாயிண்ட் இல்லை, ரூபாய். பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று மேசை. சம்பளத்திலிருந்து போகிற ரூபாயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விட்டுக்கொடுக்க மனசு வராது, சரி ஆடிப் பார்ப்போம் என்று தோன்றும். அந்தத் தோன்றுதல்தான் எண்பது.

இதற்கு மேல் ஆட்டம் நடத்தியவர் எடுத்த பங்கு. ஒரு பேச்சுக்குப் பத்து சதவீதம் என்று வைப்போம். சமமான திறமை உள்ள இருவர், தோற்றால் 40 போகிறது, ஜெயித்தால் 36தான் வருகிறது. சமமாக ஜெயித்துத் தோற்றாலும் ஆட்டத்துக்கு ஆளுக்கு 2 நஷ்டம். நூறு ஆட்டத்தில் 200. போதாததற்கு 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டத்துக்குப் போட்ட பணத்தின் மேல் 28 சதவீத ஜிஎஸ்டியும் இருந்தது. நண்பர்களோடு ஆடும்போது ஒருவர் இழப்பது இன்னொருவருக்குப் போகிறது. போனில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு தம்பி வண்டி வாங்கச் சேர்த்த பணத்தையும் நண்பர்களிடம் வாங்கிய கடனையும் அப்படி விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனான். கெட்டிக்காரப் பையன், ஆட்டம் தெரியாதவன் இல்லை. அவனுடைய வேலையிடம், பெயர் எதுவும் இங்கே வேண்டாம். அவன் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அந்த ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஜூனில் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள், அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றினார்கள், ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் அவற்றைச் சேர்க்க முடியாது என்றது. பிறகு 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன: ஆதார் வைத்து அடையாளம் காட்ட வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது. அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. பன்னிரண்டிலிருந்து ஐந்து. எங்கள் இரண்டாவது ஷிஃப்ட் ஆள் விழித்துக் கிடக்கிற அதே நேரம். இந்த விதியை எழுதியவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ராத்திரி விழிப்பைப் பற்றித் தெரிந்திருக்கிறது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடுவதே கூடாது என்றது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார், பெரிய நிறுவனங்கள் காசு ஆட்டத்தை நிறுத்தின. ஆடுகிறவனுக்குத் தண்டனை வைக்காமல் நடத்துகிறவருக்கு வைத்திருப்பதை நான் வரவேற்கிறேன்.

ஆட்டமே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சட்டம் வந்தபிறகு எங்கள் வீட்டில் பாய் ஆட்டம் கூடியிருக்கிறது. புதிதாக வந்த தம்பிக்கு அண்ணன் கற்றுக்கொடுக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆட்டம் ஆட மாட்டார்கள். 13 சீட்டைத் திறந்து போடுவார், ஜோக்கரைக் காட்டுவார், "ஆடுவியா, விடுவியா" என்று கேட்பார். பதில் மட்டும் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். சொன்னதும் கலைத்துவிட்டு அடுத்த 13. தம்பி முதலில் ராஜா, ராணியை எண்ணிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு பக்கம் திறந்த ஜோடியைத் தேடுகிறான்.

இன்னொரு ஆட்டத்தையும் இறக்கலாம் என்று பார்க்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆடுகிற முந்நூற்றிநாலு. 32 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கும் சேர்ந்தால் 304. ஆளுக்கு எட்டு சீட்டு வர வேண்டும், ஆனால் முதலில் நான்குதான் போடுவார்கள். அந்த நான்கைப் பார்த்துவிட்டு, பாதிக் கையை வைத்து, இத்தனை எடுப்பேன் என்று கேள்வி கேட்க வேண்டும். துருப்பு எது என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். மீதி நான்கு அதற்குப் பிறகு. போக்கருக்கும் ரம்மிக்கும் நடுவில் எங்கோ நிற்கிற ஆட்டம், ஆரம்பக் கையை எடைபோடுவதற்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. கேரளத்து இருபத்தெட்டும் ஒடிசாக்காரர்களின் இருபத்தொன்பதும் இதன் உறவுதான். அவையும் நான்கு சீட்டைப் பார்த்துக் கேட்கிற ஆட்டங்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பையன்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடலாம், பாஷை பெரிய தடையாக இருக்காது.

முந்நூற்றிநாலு ஆடி வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். கையில் ஒரே இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் வந்து மற்ற இரண்டும் வெற்றுச் சீட்டாக இருந்தால் உங்கள் வீட்டில் எது வரைக்கும் கேட்பார்கள், கூட்டாளி ஏற்கெனவே கேட்டிருந்தால் அவருக்கு மேல் கேட்பீர்களா, விட்டுவிடுவீர்களா என்று எழுதுங்கள். அண்ணனுக்கும் எனக்கும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.